சந்தனம் தின்ற பிஸ்டல்

செல்லூர், மதுரை.
ஞாயிறு.

பெங்களூரில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் அருமை மருமகன், திருவளர்ச்செல்வன் அசோக்குமாருக்கு மாமன் நல்லகாமன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது.

யாருமே நம்பப்போகாத கதை ஒன்றை, குலசாமி மேல் சத்தியம் செய்து, இதோ ஆரம்பிக்கிறேன். இங்கே நான், உன் அத்தை பாண்டீஸ்வரி, மாடுகள் இரண்டும் சுகம். பிஸ்டலுக்குத்தான் உடம்பு சரியில்லை.

உன் தாத்தாவுக்குப் பிறகு லைசென்ஸோடு எனக்கு வந்த அந்தப் பிஸ்டல் வெடித்த சத்தத்தில்தான் ஒரு காலத்தில் யானைமலை அரை அடி நகர்ந்து உட்கார்ந்தது. இப்போது அதற்கு ஒரு கெட்ட பழக்கம். முதல் தோட்டா ஒழுங்காக வெடிக்கும். இரண்டாவது, தோட்டா அடுக்கும் மேகசினிலிருந்து மேலே ஏறாமல், டவுன் பஸ் படிக்கட்டில் காலேஜ் பையன் தொங்குகிற மாதிரி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும். இந்த லட்சணத்தில் ரைபிள் கிளப் போட்டி வந்து சேர்ந்தது. என் பங்காளி முத்திருளன் டீக்கடையில் எல்லார் முன்னாலும், "என்னப்பா நல்லகாமா, உன் பிஸ்டலு ஒருக்கா இருமிட்டுப் படுத்துக்கிருதாமே?" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அஞ்சு தோட்டாவும் நிக்காமப் போகும்டா! போகலைன்னா என் மீசைய எடுக்கிறேன். போச்சுன்னா நீ எடுக்கணும்" என்றேன். என் மீசை சாதாரண மீசையா மாப்ள? ஆரப்பாளையத்தில் நான் ரோட்டைக் கடந்தால் தேனி பஸ்காரன் ரயில்வே கேட் என்று நினைத்து பிரேக் போடுவான்.

நீ போனில் சொன்னபடி புதுத் தோட்டா போட்டேன், தொங்கியது. எண்ணெய் விட்டேன், வழுக்கிக்கொண்டு வந்து தொங்கியது. கடைசியில் துப்பாக்கி ரிப்பேர் கடை சுருளியிடம் கொண்டுபோனேன். "மேகசின் ஸ்பிரிங்கு செத்துப்போச்சுண்ணே" என்று புதுசு மாட்டப் போனார். மாட்டும்போது கை நழுவி, அது கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் மேலூர் கிரானைட் குவாரியில் விழுந்ததாகக் கேள்வி. இன்னொன்றை மாட்டினார். அப்போதும் தோட்டா ஏறவில்லை. டார்ச் அடித்து மேகசினுக்குள் பார்த்தார், மோந்து பார்த்தார், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அண்ணே, இது பிஸ்டலா, பூஜை ரூமா?" ஊசியால் நெம்ப நெம்பக் காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக வந்தது, குங்குமம் வந்தது, பின்னாலேயே முழுசாக ஒரு பொட்டுக்கடலையும் வந்தது.

வீட்டுக்கு வந்து உன் அத்தையைக் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு அருவாளுக்கு வச்சேன், கிரைண்டருக்கு வச்சேன், உங்க ஸ்கூட்டருக்கும் வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காட்டி அது கோவிச்சுக்கிராதா?"

"வெளிய வைக்க வேண்டியதுதானடி?"

"வெளிய வச்சா நீங்க துடைச்சிர்றீக. அதான் விரலு போற மட்டும் உள்ள வச்சேன். கடலை அதுவா உருண்டு போயிருச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?"

வருடா வருடம் சேர்ந்த பக்தி மாப்ள, அம்புட்டும் உள்ளே இறுகிக் கிடந்திருக்கிறது!

சுத்தம் செய்த மேகசினோடு போட்டிக்குப் போனேன். ஐந்து தோட்டாவும் மூச்சு விடாமல் போயின. ஐந்தும் ஒரே துளைக்குள் போனதால் மிச்சம் நான்கையும் காணோமென்று ஜட்ஜ் சாயங்காலம் வரை தேடினார். அன்றைக்கே ஆரப்பாளையம் சலூனில் ஒரு மீசை தரையில் விழுந்தது. வைகைக்கு அக்கரையில் இருந்தவர்கள் இடி என்று நினைத்துக் காய்ந்த துணியை எடுத்தார்களாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, முத்திருளனுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
ஊரே கையெடுத்துக் கும்பிடும் உன் மாமன்,
நல்லகாமன்

பின்குறிப்பு: நீ அடுத்த வாரம் ஊருக்கு வருவதாக உன் அத்தை இப்போதுதான் சொன்னாள். ஆகவே மேலே எழுதியதில் சிறு திருத்தம். போட்டியன்று காலையில், நான் குளிக்கப் போன நேரத்தில், நான் ஜெயித்து வரவேண்டுமென்று அவள் மறுபடியும் கொஞ்சம் ஈரச் சந்தனம் வைத்திருக்கிறாள். இரண்டாவது தோட்டா தொங்கிவிட்டது. யானைமலை, குவாரி, ஒரே துளை எல்லாவற்றையும் அடித்துவிடு. சலூனில் ஒரு மீசை விழுந்தது மட்டும் சத்தியமான உண்மை. பஸ் ஸ்டாண்டில் உன் அம்மா வேட்டி கட்டிக்கொண்டு நிற்பது போல் யாராவது நின்றால் மிரண்டு ஓடிவிடாதே மாப்ள. உன்னைக் கூட்டிப் போக நான்தான் வந்திருப்பேன்.