துரை எடுத்த ஏரிப் படம்

உலகக் கலைச் சரித்திரத்தில் லாபிஸ் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு இன்னும் இடம் கொடுக்காதது பெரிய அநியாயம். அந்தக் குறையைத் தீர்க்கவே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகிய நான் இதை எழுதுகிறேன்.

ரப்பர் விலை சரிந்து வேலை குறைந்த ஆண்டில் எங்கள் துரை கலைஞரானார். சிங்கப்பூரில் ஏலத்துக்கு வந்த பழைய நிலப்படம் ஒன்றையும், முக்காலியோடு ஒரு காமிராவையும் வாங்கிவந்தார். ரப்பர் வருமுன் இந்த நிலம் எப்படி இருந்ததோ அப்படியே படம் எடுப்பது அவருடைய 'லட்சியம்'. குன்றை எடுத்தார். ஓடையை எடுத்தார். நிலப்படத்தில் அடுத்து இருந்தது, பழுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு ஏரி.

"கிராணி, ஏரி எங்கே?" என்றார்.

நிலப்படத்தை முகர்ந்து பார்த்தேன். காப்பி வாசனை அடித்தது. யாரோ குவளை வைத்த தடம். ஆனால் சம்பளம் கொடுப்பவர் ஏரி என்றால் அது ஏரிதான்.

"ரப்பர் மரம் குடிச்சிடுச்சுங்க தொரை," என்றேன்.

துரை கண் கலங்கினார். அவ்வளவு இளகிய மனம்.

தொலைந்த ஏரியை மீட்க, ஓடையை மறித்து அணை போட உத்தரவாயிற்று. ஏரி இருக்க வேண்டிய பள்ளத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்களின் வரிசை வீடுகள் இருந்தன. கீழ் லயம் என்போம். கடைசி வீட்டுக் கருப்பாயி ஆபீசுக்கு ஓடிவந்தாள்.

"ஐயா, எம்மக சந்திரமதி பிள்ளை பெத்துப் படுத்திருக்கா. பச்ச ஒடம்பு. எங்கய்யா தூக்கிட்டுப் போறது?"

"ஆட்டுக் கொட்டாய் காலியாத்தான இருக்கு? படம் எடுத்ததும் தண்ணிய வடிச்சிடுவோம்."

"ஒரு படத்துக்காவா வீட்டுக்குள்ள தண்ணி விடுறீங்க? நாங்களும் அதுல இருப்போமா?"

"நீங்க எப்படி இருப்பீங்க? அந்தக் காலத்துல இங்க யாருமே இல்லையே."

"அலமாக்! இருக்கறவங்கள இல்லேன்னு காட்டத்தான் இம்புட்டுப் பெரிய பொட்டியா?"

இப்படிப்பட்டவர்களிடம் கலை பேசி வாயைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் ஏறியது. துரை காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். 'லாபிஸ் ஏரி' பிறந்தது. சிங்கப்பூர்க் கண்காட்சியில் துரைக்கு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. ஆட்டுக் கொட்டகையில் சந்திரமதிக்குக் குளிர் ஜுரம் கிடைத்தது. யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

வாக்குத் தவறாமல் அணையைத் திறந்தோம். கருப்பாயி சேற்றை வாரிக் கொட்டி, மகளையும் பேரனையும் வீட்டில் சேர்த்தாள். ஆனால் அதற்குள், பரிசுப் படத்தைப் பார்த்த நில அளவை அதிகாரி தம்முடைய புதிய நிலப்படத்தில் ஏரியைச் சேர்த்துவிட்டார். நல்ல நீல மையில். ஏரிக்குள் குடியிருப்பது 'ஆக்கிரமிப்பு' அல்லவா? வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த உத்தரவை நான்தான் வாசித்தேன்.

காய்ந்த வாசலில் காலை ஊன்றி நின்றாள் கருப்பாயி. இடுப்பில் பேரன்.

"எங்கய்யா இருக்கு தண்ணி? விட்டது நீங்க. கைக்கொழந்தையோட நாங்க எங்க போறது?"

கோபத்தில் பேசுகிறவளுக்கு ஆதாரத்தோடு பதில் சொல்வதுதான் ஆபீஸ் முறை. பரிசுப் படத்தை எடுத்துவந்து காட்டினேன். ஏரியின் நடுவே அவள் வீட்டுக் கூரை தெளிவாகத் தெரிந்தது.

"நல்லா பாத்துக்க. ஏரிக்குள்ள வீடு கட்டுனது யாரு?"