கல்லாற்றில் நான் குருவி எழுப்பிய நாள்

எனக்குப் பறவைகள் மீது ஆசை வந்ததற்கு விஞ்ஞானம் காரணம் இல்லை. வெள்ளை ஜீப்தான் காரணம். சுனாமிக்கு அடுத்த வருடம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் பெரியகல்லாற்றில் வேலை என்றால் அது அரசாங்க வேலை அல்ல, தொண்டு நிறுவன வேலை. ஜீப்பில் போகலாம். கழுத்தில் அட்டை தொங்கும். எந்தக் கூட்டத்திலும் தின்ன மீன் ரோல்ஸ் தருவார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மூத்த பெண்ணான எனக்கு அந்த ரோல்ஸே போதுமாக இருந்தது.

அப்போது ஒரு நிறுவனம், வாவிக்கு வலசை வரும் பறவைகளைக் காட்டிச் சுற்றுலாப் பயணிகளை வரவழைத்து எங்களை முன்னேற்றத் தீர்மானித்தது. (நாங்கள் வீடு கேட்டோம், அவர்கள் குருவி தந்தார்கள்.) வெளிக்கள உதவியாளர் பதவி ஒன்று. விண்ணப்பத்தில் "பத்து வருட அனுபவம்" என்று எழுதினேன். வயது பத்தொன்பது. அது போதாதென்று, தற்காலிகக் கொட்டில்களில் இருந்த சனத்தைக் கூட்டி ஒரு விரிவுரையும் நடத்தினேன். "கடல் வருவது முதலில் பறவைகளுக்குத்தான் தெரியும். அவை ஒரேயடியாக எழும்பி மேற்கே பறந்தால், யோசிக்காமல் வாவிக்கு ஓடித் தோணி ஏறுங்கள்!" என்று முழங்கினேன். (எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்காதீர்கள்.) கைதட்டினார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, கொழும்பிலிருந்து திட்ட அதிகாரி நிர்மலா மிஸ் நேரில் பார்க்க வந்தார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை எனக்கு. வாவிக்கரையில் நின்று தொலைநோக்கியை நீட்டினேன். (அது குருவி பார்க்கத்தான் என்று இராணுவச் சோதனைச் சாவடியில் நிரூபிக்கவே அரை மணித்தியாலம் போயிருந்தது.) தூரத்து மணல் திட்டில் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருந்தன. பனிநாட்டிலிருந்து பறந்துவந்த களைப்பு. ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன.

"எது பறவை?" என்றார் மிஸ்.

"அந்த மண்ணாங்கட்டி மாதிரித் தெரியிறது எல்லாம் மிஸ்."

"படத்திலயும் மண்ணாங்கட்டியாத்தானே விழும்? அறிக்கையின் முன்னட்டைக்குப் பறக்கிற மாதிரி வேணும்."

வேலை கைநழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் சீனித்தம்பி மாமா தோணியில் வலை அள்ளிக்கொண்டிருந்தார். தோணி விளிம்பைத் தடியால் அடித்து, மீனை வெருட்டி வலையில் விழுத்துவது எங்கள் வாவி வழக்கம்.

"மாமா, அந்தத் திட்டுக்குக் கிட்டப் போய் ஒருக்கா அடிங்களன்."

"அங்க என்ன மீனா கிடக்கு?"

"குருவி எழும்பணும்."

"வேணாம் புள்ள. சனம் இப்ப கடலப் பாக்கிறல்ல, குருவியத்தான் பாக்குது. நீதானே சொல்லிக் குடுத்த?"

"ஒண்டும் நடக்காது. போங்க மாமா!"

போனார். அடித்தார். மணல் திட்டு அப்படியே பெயர்ந்து மேலே போனதுபோல் இருந்தது. கூட்டம் ஒருமுறை கறுத்து, ஒருமுறை வெளுத்து, மேற்கே, வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் திரும்பியது. மிஸ் படபடவென்று படம் எடுத்தார். "பிரமாதம்!" அந்த ஒரு நிமிடம் நான் ஜீப்பின் முன்சீட்டில் இருந்தேன்.

பிறகு ஊருக்குள் சத்தம் எழுந்தது. "குருவி எழும்பிற்று! கடல் வருது! ஓடுங்க!"

பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு தபால்காரர் வந்தார். பானையோடு ஒருத்தி, ஆட்டுக்குட்டியோடு ஒருவர், வெறும் பானை மூடியோடு ஒருவர். என்னிடம் பாடம் கேட்டவர்களில் இவ்வளவு சரியாகச் செய்து காட்டியவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"நில்லுங்கள், எழுப்பியது நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் ஓடினேன். போன மார்கழியில் கடல் வந்த அன்று கேட்ட அதே கூச்சல். சத்தியமாக எனக்கும் கடல் வந்துகொண்டுதான் இருந்தது. மிஸ்ஸைக் கரையிலேயே விட்டுவிட்டு, முதல் தோணிக்குள் முதல் ஆளாக விழுந்தேன். எனக்கு மேல் பதினொரு பேர். தோணி கவிழ்ந்தது.

"ஐயோ, தாழுறன்! தாழுறன்!"

"எழும்பி நில்லு புள்ள. முழங்கால் தண்ணி."

சீனித்தம்பி மாமா அவசரமே இல்லாமல் ஆறுதலாகத் தோணி வலித்து வந்தார். வந்தவர் கரையைப் பார்த்து உரத்துச் சொன்னார்: "கடலுமில்ல, ஒண்டுமில்ல! இவள்தான் குருவிய எழுப்பச் சொன்னவள்!"

"என்னகா இது, அடுப்பில சோறு கருகுது!"

"படிச்ச புள்ள செய்யிற வேலையா?"

திட்டியவர்கள் பலரை மறந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளையும் இறுக அணைத்தபடி திரும்பி நடந்த ஒரு தாயை மட்டும் மறக்க முடியவில்லை.

மிஸ் ஓடவில்லை, நின்று படம் எடுத்திருக்கிறார். அறிக்கை வந்தபோது முன்னட்டையில் பறவைகள் இல்லை, ஓடும் சனம். தலைப்பு: "சமூகப் பங்கேற்புடன் அனர்த்த முன்னெச்சரிக்கை ஒத்திகை: முழு வெற்றி." குருவித் திட்டம் அனர்த்தத் திட்டமானது. பதவி, நெருக்கடியிலும் பதறாத ஒரே ஆளான சீனித்தம்பி மாமாவுக்குப் போனது.

யுத்தம் முடிந்த பிறகு தம்பிக்குக் கல்யாணம். வீடு வீடாகப் போய் யார் அழைப்புச் சொல்வது என்று வீட்டில் வாக்குவாதம். வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அம்மா சொன்னா:

"என்னத்துக்கு வீடு வீடா அலைய? மூத்தவள அனுப்புங்க. அஞ்சு நிமிசத்தில முழு ஊரையும் வாவிக்கரைக்குக் கொண்டு வந்திருவாள். பந்தலை மட்டும் அங்க போட்டாச் சரி."