மாடி அறைத் தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி அத்தைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க அத்தைக்கு,

அங்கே குளிர் குறைந்து உங்கள் முழங்கால் வலியும் அடங்கியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம்; ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம், பேச்சுதான் குறைவு. போன மாதம் நான் தனியாக எழுதிய கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம் என்றிருந்தேன். நீங்களும் போடவில்லை, நன்றி.

மாடி அறை யாருக்கு என்ற உங்கள் தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது. அறை எனக்கு, அப்பாவின் பழைய ரேடியோக்கள் கூடத்து அலமாரிக்கு என்று இரண்டே வரி. கூடத்தில் படுத்து, அடுப்படி ஸ்டூலில் படித்து வளர்ந்தவளுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்ததே என்று புத்தகங்களைக் கட்டி வைத்தேன். கட்டு இன்னும் அவிழவில்லை. "அக்கா கடல் தாண்டி இருக்கா, யார் பக்கமும் சாயமாட்டா" என்று உங்களை நடுவராக்கியது அப்பா. நீங்கள் சொல்வதே முடிவு என்று தாளில் முதல் கையெழுத்துப் போட்டதும் அவர். தோற்ற மறுநாள் அவருக்குச் சட்டமெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "வெளிநாட்டுத் தீர்ப்பு வெளிநாட்டோட. பெரியவங்க சாமானைச் சின்னவங்க நகர்த்தறது இந்த வீட்டுப் பொதுக் கொள்கைக்கே விரோதம்" என்றார்.

"அந்தக் கொள்கை எப்பப்பா வந்துச்சு?"

"எப்பவும் இருந்துச்சு. இப்பதான் தேவைப்படுது."

பிறகு பீரோவிலிருந்து வாடகை ஒப்பந்தம் வந்தது. மாடி அறையில் சாமான் மட்டுமே வைக்கலாம் என்று அதில் ஒரு வரி. ஆகவே நான் அங்கே உட்கார்ந்து படித்தால் சட்டவிரோதமாம்.

வக்கீல் ஆபீசில் நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் மனுவும் இதே கதைதான், அத்தை. வேறு நாட்டு நடுவரிடம் தோற்ற கம்பெனி, தான் எட்டு வருஷம் அனுபவித்த ஒப்பந்தமே சட்டவிரோதம், தீர்ப்பை இங்கே நிறைவேற்றுவது பொதுக் கொள்கைக்கு விரோதம் என்கிறது. "தீர்ப்பு தப்பாவே இருந்தாலும் கோர்ட் திரும்ப விசாரிக்காதும்மா. மனசாட்சி கூசற மாதிரி ஏதாவது நடந்திருந்தாத்தான் தள்ளும்" என்கிறார் சீனியர். வீட்டுக்கு வந்தால், காய் நறுக்கிக்கொண்டே அம்மா கிட்டத்தட்ட அதையே அப்பாவிடம் சொல்கிறாள். "தீர்ப்பு சரியா தப்பான்னு நான் பார்க்கல. கையெழுத்து உங்களோடதுதானே? பதினோரு வருஷம் அங்க உட்கார்ந்து ரேடியோவ நோண்டினீங்களே, அப்ப இந்த ஒப்பந்தம் எங்க போச்சு?"

மாடி அறைச் சாவி மட்டும் இன்னும் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் கொஞ்சம் கண்டிப்பாக அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும்,

உங்கள் தம்பி மகள்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அப்பா வந்து சாவியை மேசைமேல் வைத்தார். "அக்கா ரெண்டு பக்கமும் கேட்டுத்தானே சொல்லியிருப்பா. எடுத்துக்கோ" என்றார். இப்போது மாடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே கூடத்தில் ஒரு ரேடியோ பாடுகிறது. ஒன்றைக்கூட அவர் பாட வைத்ததில்லை என்றுதான் தீர்ப்புக்கு முன் போட்ட அந்தத் தனிக் கடிதத்தில் உங்களுக்கு எழுதியிருந்தேன். அப்படி ஒரு கடிதம் போனதே அவருக்குத் தெரியாது. அவர் சொன்ன இரண்டு ஆட்சேபணையும் செல்லாது, அத்தை. செல்லக்கூடிய மூன்றாவது என்னிடம் இருக்கிறது: அவருக்குத் தெரியாமல், பதில் சொல்ல இடம் கொடுக்காமல் நடுவருக்கு நான் எழுதியது. இன்று சாப்பாட்டு மேசையில் அதை நானே சொல்லிவிடப் போகிறேன். மேலே எழுதியதைக் கிழித்துவிடுங்கள், தீர்ப்பையும். மறுபடி விசாரியுங்கள், இந்த முறை இருவரும் ஒரே தாளில் எழுதுகிறோம். அதுவரை சாவி அம்மாவிடம் இருக்கும்.