மாமனாருக்காக எடுத்த சீட்டு

மருமகன் கூடத்துக்குள் நுழைந்ததும் மாமனார் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நேற்றும் இப்படித்தான்.

மாமியார் இறந்த பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று மகள்தான் அப்பாவை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். வந்ததிலிருந்து "சாப்டாச்சா மாப்பிள்ளை?" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்கல," என்று மனைவியிடம் கிசுகிசுத்தான் மருமகன்.

"அவரு சுபாவமே அப்படித்தாங்க. நீங்களா போய்ப் பேசுங்க."

பேசுவதா? மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு ஒரு பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்பதே பெரிய பாடு.

தெருமுனை சலூன் அக்காவிடம் குறி பார்க்கும் டாரட் படச் சீட்டுக்கட்டு ஒன்று உண்டு. முடிவெட்டியபடியே தெருவில் உள்ளவர்கள் கவலையெல்லாம் கேட்பவள். "இது ஜோசியம் இல்ல தம்பி. படத்தைப் பாத்து உங்களுக்கு என்ன தோணுதோ, அதான் பதில்," என்று, முடிவெட்டிக்கொள்ள வந்து புலம்பிய மருமகனிடம் கட்டை நீட்டினாள்.

ஒன்றை உருவினான். கையில் விளக்கோடு தனியே நிற்கும் கிழவர்.

"என்ன தோணுது?"

"பாவம், தனியா விட்டுடணும்னு தோணுது."

அன்று மாலை தட்டை எடுத்துக்கொண்டு போய் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டான். அன்றைக்கென்று பார்த்து மாமனார் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலி. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"உங்களோட சேர்ந்து சாப்பிடத்தாங்க வந்தாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

மறுபடி சலூன். சும்மா சீட்டெடுக்கக் கூச்சமாக இருந்ததால், இருந்த முடியை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னான். இம்முறை வந்தது தேரோட்டி.

"அக்கா, எங்க மாமா டிரைவர்! அவர் கையில வண்டியைக் குடுக்கணும்!"

வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை நீட்டினான். "வாங்க மாமா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். நீங்கதான் ஓட்டணும்."

மாமனார் சாவியை ஆசையாகப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் மாப்பிள்ளை. இனிமே நான் எதுலயும் தலையிடறதா இல்ல."

சொன்னபடியே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பதற்றத்தில் மருமகன் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. எதிரே குப்பை லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. வந்த வழியெல்லாம் பின்னாலேயே எடுத்து வர வேண்டியதாயிற்று. மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாமா?" வீட்டு வாசலில் இறங்கியதும் மருமகனின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மாமனார் முகம் வாடி உள்ளே போய்விட்டார்.

"இனி வெட்ட முடி இல்ல தம்பி," என்றபடியே அக்கா கட்டை நீட்டினாள். இடி விழுந்து உடையும் கோபுரம்.

"அவ்வளவுதானாக்கா? எல்லாம் போச்சா?"

"நீங்கதான் சொல்லணும்."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "உடைச்சுப் பேசிடறேன்க்கா," என்று வீட்டுக்கு ஓடினான்.

மாமனார் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாள் என் தம்பி வீட்ல இருந்துட்டு வரேன் மாப்பிள்ளை. உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது மறந்துபோயிற்று. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"போகாதீங்க மாமா. எங்கப்பா நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டாரு. வீட்ல பெரியவர் இருந்தா எப்படிப் பேசணும், எங்க உக்காரணும்னுகூட எனக்குத் தெரியல. கத்துக்கறேன். கொஞ்சம் டைம் குடுங்க."

மாமனார் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கங்க," என்றார். சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

மறுநாள் நன்றி சொல்ல சலூனுக்கு ஓடினான் மருமகன்.

"மாமாவும் நானும் நேத்து பேசிக்கிட்டே சாப்பிட்டோம்க்கா! எல்லாம் உங்க சீட்டாலதான்!"

அக்கா கையிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்பாடா, இனிமே நான் வாயைத் திறக்கலாம்! 'மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிக்கல'ன்னு உங்க மாமனாரும் தினம் காலையில வந்து இதே கட்டுலதான் தம்பி சீட்டெடுத்துட்டுப் போனாரு!"