பன்னாட்டுக் கும்பல் படியேறி வந்த கதை

பன்னாட்டுக் குற்றவுலகம் தன் அழிவைக் கொல்லிமலையில்தான் சந்திக்கும் என்பது, ஆய்வாளர் சதீஷ்குமார் மலையேறிய அன்றே முடிவாகிவிட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தியெடுத்தபடி வந்தவர், அரியூர் நாட்டில் மரவள்ளிக் கிழங்கு மண்டியின் மாடியில் 'குடிபெயர்ந்தோர் சார் பன்னாட்டு ஒருங்கிணைந்த குற்றத் தடுப்புத் தனிப்பிரிவு' என்று பலகை மாட்டினார். பலகையின் நீளத்தில் ஜன்னல் மறைந்தது. வெளியே நடப்பதைப் பார்க்கும் தொல்லை அத்தோடு ஒழிந்தது.

மாதம் ஒரு கும்பலாவது பிடிபட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முதல் நாளே, மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற செங்கோடன் என்ற விவசாயியை மடக்கினார்.

"எங்கிருந்து வர்றே?"

"அரியூர் நாடுங்க."

"எங்க போறே?"

"வளப்பூர் நாட்டுக்குங்க. மக ஊட்டுக்கு."

"நாடு விட்டு நாடு போக யார் அனுமதி கொடுத்தது?"

செங்கோடன் யோசித்தார். "கண்டக்டருங்க."

இந்த மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதிக்கே நாடு என்றுதான் பெயர் என்று தலைமைக் காவலர் கோகிலவாணி எடுத்துச் சொன்னதும், ஆய்வாளர் பெருந்தன்மையோடு செங்கோடனை விடுவித்தார். மிளகை மட்டும் 'ஆய்வுக்கு' எடுத்துக்கொண்டார். ஆய்வு அன்றைய ரசத்தில் நிறைவுற்றது.

மாதக் கடைசி நெருங்கியும் ஒரு கும்பலும் சிக்கவில்லை. அப்போதுதான், வாசலூர்பட்டிப் பக்கம் விடுதி கட்டும் வேலைக்கு வந்திருந்த நேபாளப் பெண் பிமலா, உடன் வேலை செய்யும் ஏழு பேரோடு தானாகவே படியேறி வந்தாள்.

"சார், ஏஜெண்ட் மணிவண்ணன் எங்க கார்டு, போன் எல்லாம் வாங்கி வச்சிட்டார். ஊருக்குப் போறேன் சொன்னா ரூம்ல பூட்டறார். என் தங்கச்சிய எங்கேயோ அனுப்பிட்டார். எங்கேன்னு சொல்லல."

சதீஷ்குமாருக்குக் கண் கலங்கியது. நேபாளம்: பன்னாட்டு. எட்டுப் பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்: ஒருங்கிணைப்பு. ஒருவரிடமும் அடையாள அட்டை இல்லை: குற்றம். பலகையில் இருந்த அத்தனை சொற்களும் ஒரே சமயத்தில் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தன.

மதியத்துக்குள் எட்டுப் பேரும் சேந்தமங்கலம் போகும் வேனில் ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று ஆய்வாளர் படம் எடுத்துக்கொண்டார்.

"சார், என் தங்கச்சி?" என்று பிமலா கம்பி வழியே கேட்டாள்.

பெயரைக் கேட்டு, ஒன்பதாவது குற்றவாளியாகச் சேர்த்து, எதிரில் 'தலைமறைவு' என்று எழுதினார்.

வேன் கிளம்பியதும் கோகிலவாணி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க சார், கார்டெல்லாம் அந்த மணிவண்ணன்கிட்டத்தானுங்களே இருக்குது? அவரைப் புடிக்க வேண்டாமுங்களா?"

"அவரை முதல் சாட்சியா போட்டிருக்கேம்மா," என்றார் சதீஷ்குமார். "ஆதாரம் பூரா அவர்கிட்டதானே இருக்கு."