நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"இனிமே என் புத்தகத்தைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது!"

அடுக்களை வாசலில் நின்றுகொண்டு எழுத்தாளர் இப்படி முழங்கினார். எழுத்தாளர் என்றால், அந்த வாரத்திலிருந்துதான் எழுத்தாளர். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். திங்கள் முதல் வெள்ளி வரை இப்போதும் அதேதான். லிஃப்டுக்குள் கொலை நடக்கிற மாதிரி ஒரு துப்பறியும் நாவல் எழுதி, மச்சானுடைய அச்சகத்தில் நூறு பிரதி போட்டு, வீட்டுப் பின்னறையில் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தார். பின்னட்டையில் அவர் போட்டோ. கன்னத்தில் ஒரு விரல். பார்வை எங்கோ தூரத்தில். மூக்கின் மேல் எந்நேரமும் இருக்கும் கண்ணாடி மட்டும் அதில் இல்லை. கண்ணாடி போட்டால் மெக்கானிக் மாதிரியே தெரிகிறதாம்.

அவர் முழங்கியதற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேஜை போட்டு முதல் விற்பனை. துணைக்கு வந்த மனைவி, புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களிடமெல்லாம் மிகவும் ஆதரவாகப் பேசினாள்.

"சும்மா வாங்கிப் பாருங்க. எங்க வீட்டுக்காரர்தான் எழுதினது. எனக்கு ரெண்டாம் பக்கத்துலயே தூக்கம் வந்துடுச்சு. உங்களுக்கு எப்படியோ!"

விற்றது இரண்டு. ஒன்றை மச்சான் மரியாதைக்கு வாங்கினான். இன்னொன்றை வாங்கியவர், லிஃப்ட் ரிப்பேர் கற்றுக்கொடுக்கிற புத்தகம் என்று நினைத்து வாங்கிப் போய்விட்டார்.

"நான் உண்மையைத்தானே சொன்னேன்?" என்றாள் மனைவி, தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமல்.

"உண்மையைச் சொல்ல அது என்ன கோர்ட்டா? புத்தகக் கடைடி! மிச்சம் இருக்கிற தொண்ணூத்தெட்டையும் நானே தனியா விக்கிறேன் பார். வித்துட்டா பின்னறை எனக்கு!"

மெஷின் நின்றது.

பின்னறை என்றால் அந்த வீட்டில் சாமானிய விஷயம் இல்லை. நல்ல வெளிச்சம், பெரிய ஜன்னல், சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவு. அதில் உட்கார்ந்து இரண்டாவது நாவல் எழுத வேண்டும் என்பது இவர் கனவு. அதில் மெஷினைப் போட்டுத் தைக்க வேண்டும் என்பது அவள் கனவு. ஆறு வருஷமாக அவள் தையல், சாப்பாட்டு மேஜைக்கும் அடுக்களைக்கும் நடுவே உள்ள நடையில்தான் நடந்துவந்தது. அதன் பலனாக அந்த வீட்டில் குண்டூசி எங்கே இருக்கும் என்று சொல்லவே முடியாது. நாற்காலியில் இருக்கும், சட்டைப் பையில் இருக்கும், ஒருநாள் தட்டில்கூட இருந்தது.

"விக்கலேன்னா?" என்று கேட்டாள்.

"உனக்கு."

"சரி."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. எழுத்தாளர் உடனே காகிதமும் பேனாவும் எடுத்தார்.

"வாய்வார்த்தையெல்லாம் வேலைக்காகாது. எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். எழுத்தாளன் ஒரு இடத்துல கையெழுத்துப் போட்டுட்டான்னா, அப்புறம் அவனே நினைச்சாலும் மாத்த முடியாது, தெரிஞ்சுக்கோ!"

"அப்படியா?" அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "அதையும் சேர்த்தே எழுதிடுங்க."

சேர்த்தே எழுதினார். புத்தகத்தைப் பற்றி மனைவி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, விற்பனை மேஜைப் பக்கமே தலைகாட்டக் கூடாது, எழுத்தாளர் கையெழுத்திட்டது எதுவானாலும் செல்லும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையில் இருந்த குண்டூசி விரலில் குத்தியது.

அந்த வாரம் மச்சான் இரண்டு தடவை கட்டும் பார்சலுமாக வந்து போனான்.

"என்ன மச்சான் அது?"

"அக்காவுக்கு ஏதோ லேபிள் மாமா. தையல் சமாசாரம்."

பின்னறையில் பசை வாசனை அடித்தது. எழுத்தாளர் வாசலில் நின்று அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டார். புதுப் புத்தக வாசனை என்றால் இதுவல்லவோ வாசனை!

சனிக்கிழமை, அவர் லிஃப்ட் பராமரிக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டு விழா. லிஃப்டுக்குப் பக்கத்திலேயே மேஜை கிடைத்தது. கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பின்னட்டையில் இருப்பவர் இவர்தான் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டாமா? கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் எல்லாம் ஒரே மூட்டம்.

அரை மணி நேரம் ஈ காக்கைகூட வரவில்லை. வந்த இரண்டு பேரும் "லிஃப்ட் மூணாவது மாடியில நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு உயரமான அம்மாள் பையும் கையுமாக வந்தாள். புத்தகத்தை எடுத்தாள். நேராக நடுவில் பிரித்தாள்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கும்மா!"

"அப்ப எனக்கு ரெண்டு கொடுங்க. கையெழுத்து இந்தப் பக்கத்துல போடுங்க."

"முதல் பக்கத்துல போடறதுதான் வழக்கம்…"

"முதல் பக்கம் யாருக்கு வேணும்? இதோ, என் விரல் இருக்கற இடத்துல."

விரல் இருந்த இடத்தில் போட்டார். அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது செல்லும்ல?"

"என் கையெழுத்து காலத்துக்கும் செல்லும்மா!"

அதற்குப் பிறகு வரிசை. லிஃப்ட் வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும் வரிசை. எல்லாரும் பெண்கள். எல்லாருக்கும் நூற்றுப் பன்னிரண்டு. அவர் விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் நாற்பத்தைந்து பிரதி காலி.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மச்சான் சோதனைக்கென்று முதலில் அச்சடித்துக் கொடுத்து, தலைமாட்டில் வைத்திருந்த பிரதியில் அந்தப் பக்கத்தைப் படித்தார். துப்பறிபவர் டீ போடுகிறார். அவ்வளவுதான். தண்ணீர் கொதிக்கிறது, தூள் போடுகிறார், பால் ஊற்றுகிறார், வடிகட்டுகிறார். கதை எங்கேயும் நகராததால் இதை வெட்டிவிடலாமா என்று ஒரு காலத்தில் யோசித்திருந்தார். இப்போது படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. என்ன நடை! என்ன நிதானம்! பக்கத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்தார்.

"பார்த்தியா, நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்கு ஊரே உயிரை விடுது! அப்படி அதுல என்னதான் இருக்குன்னு நீயே சொல்லு."

மனைவி தன் வாயைத் தொட்டுக் காட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். பேசக் கூடாதே!

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் உள்ளூர் எழுத்தாளர் நாள். நாலு எழுத்தாளர்களுக்கு நாலு மேஜை. மூன்று மேஜைகளில் எழுத்தாளர்கள் மட்டுமே இருந்தார்கள். நாலாவது மேஜையின் வரிசை, நூலக வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. பாலங்களின் வரலாறு எழுதிய பெரியவர் எழுந்து வந்து, "எப்படி சார்?" என்று கேட்டார்.

"நடை," என்றார் நம் ஆள், சுருக்கமாக.

நூலகர் அம்மாள் அவரை மேடையேற்றி, பிடித்த பகுதியை வாசிக்கச் சொன்னார். இவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒப்பித்தார். டீ வடிகட்டப்பட்டதும் ஒரே கைதட்டல். புத்தகங்களைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், ஜிப் மாத்தறதும் இதுல சேருமா?"

கேள்வி அவருக்குப் புரியவில்லை. புரியாத கேள்விதான் பெரிய எழுத்தாளர்களைக் கேட்பார்கள் என்று மட்டும் புரிந்தது. கையை அகல விரித்தார்.

"எல்லாமே சேரும்! சேராததுன்னு எதுவுமே கிடையாது!"

இந்தத் தடவை கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தொண்ணூற்றெட்டாவது பிரதியும் போனது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை மேலே ஏற்றிவிட்டுக் கூடவே தானும் ஏறியதுபோல் இருந்தது அவருக்கு. மற்ற மூன்று எழுத்தாளர்களுக்கும் நடையைப் பற்றி ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டு, ஒப்பந்தக் காகிதத்தைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"வித்தாச்சு! அத்தனையும் வித்தாச்சு! பின்னறை என்னுது!"

பின்னறைக் கதவைத் தள்ளினார். ஜன்னலோரம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகங்கள் அடுக்கியிருந்த சுவரோரம் பதினைந்து பெண்கள் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மடியிலும் அவர் நாவல்.

"வாங்க சார்," என்றாள் உயரமான அம்மாள். "ஜிப்பையும் சேர்த்தீங்களே, நல்லா இருப்பீங்க."

எழுத்தாளர் மெதுவாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். டீ அங்கே இல்லை. அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

'இதைக் கொண்டுவருபவருக்கு ஒரு துணி இலவசமாகச் சரிசெய்து தரப்படும். இடம்: ஆசிரியரின் வீட்டுப் பின்னறை. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ஓராண்டுக்குச் செல்லும். ஆசிரியர் கையொப்பம் இல்லாத சீட்டு செல்லாது.'

கீழே கோடு. கோட்டின் மேல், கொஞ்சம்கூடப் பிசகாமல், அவர் கையெழுத்து.

"நீ… நீ வாய் திறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே!"

"திறந்தேனா? தைச்சுக் கொடுத்த துணியிலெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் குத்தி அனுப்பினேன். 'சனிக்கிழமை என் வீட்டுக்காரர் மேஜையில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பார்க்கவும்'. அவ்வளவுதான். குண்டூசிதான் நம்ம வீட்ல நிறைய இருக்கே."

"பந்தயத்துல நான்தானே ஜெயிச்சேன்?"

"யார் இல்லேன்னா? ரூம் உங்களுதுதான். உங்க ரூமை நீங்கதான் தொண்ணூத்தெட்டு சீட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. எழுத்தாளர் கையெழுத்து. நீங்களே நினைச்சாலும் மாத்த முடியாது."

ஒப்பந்தத்தைப் பார்த்தார். மூன்றாவது வரி அவரைப் பார்த்தது. ஒரு துணி இலவசம் என்று சொல்லியே தொண்ணூற்றெட்டு சீட்டுக்கும் வாடிக்கையாளர்களைப் பிடித்துவிட்டாள் இவள்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தார்.

"ஷ்ஷ்!" என்று மூலையிலிருந்து ஒரு பெண் அதட்டினாள். அவள் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். "பேசாதீங்க. ஏழாவது மாடியில லிஃப்ட் நிக்கப் போகுது. உள்ளே யாரோ இருக்கான்!"

அவர் சுற்றிப் பார்த்தார். தங்கள் முறை வரும்வரை வேறு வேலை இல்லாத பதினைந்து பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நகத்தைக் கடித்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. நெஞ்சு விம்மிவிட்டது அவருக்கு.

"அடுத்த நாவல் எப்ப சார்?" என்று கேட்டாள் உயரமான அம்மாள். "எனக்கு இன்னும் நாலு பாவாடை இருக்கு."

"இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்!" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டார். "எங்கே உட்கார்ந்து எழுதறது?"

"நடையில மெஷின் இருந்த இடம் காலியாத்தானே இருக்கு?"

போனார். நோட்டைப் பிரித்தார். பேனாவைத் திறந்தார். கன்னத்தில் ஒரு விரலை வைத்து, நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே அலறிக்கொண்டு எழுந்தார்.

"எழுந்ததுதான் எழுந்தீங்க," என்று பின்னறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது, "எல்லாருக்கும் டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே, அதே மாதிரி!"