கிடாய் சிலுப்பாத விவரம்

பெருமதிப்புக்குரிய மச்சான் பாலசுந்தரம் அவர்கள் சமூகத்துக்கு, திருச்செங்கோட்டிலிருந்து அர்த்தநாரி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கச்சி சௌந்திரம், மகன் சிவக்குமார், மருமகள், பேத்தி கனிஷ்கா, கறவை மாடு ரெண்டு, கிடாய் ஒன்று, அனைவரும் சுகம். கிடாய் சுகமாக இருப்பதுதான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்ததற்கே காரணம். சேந்தமங்கலத்தில் உங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று கருப்பனாரை வேண்டிக்கொள்கிறேன். பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன் போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். கடிதமென்றால் கிழிப்பதற்கு முன்னால் யார் எழுதியது என்று பார்ப்பீர்கள், பார்த்தால் நாலு வரி படிப்பீர்கள், நாலு வரி படித்தால் முடிக்காமல் விட மாட்டீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாததா.

முதலில் குடும்பச் செய்தி. போன ஐப்பசியில் உங்கள் தங்கச்சிக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி ஈரோட்டில் ஆபரேஷன் செய்தார்கள். பயப்பட வேண்டாம், சாதாரணக் கட்டிதான், இப்போது நடந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறாள், என்னைத் திட்டுகிறாள், பழைய தெம்பு முழுசாக வந்துவிட்டது. அன்றைக்கு உங்களுக்குச் சொல்வதற்காக நானே போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. மலை அடிவாரம் என்றால் டவர் அப்படித்தான். இதில் என்மேல் தப்பு எதுவும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

அவளை உள்ளே கொண்டுபோன நேரத்தில் நான் வராந்தாவில் நின்று, இவள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் ஒரு கிடாய் வெட்டுகிறேன் என்று கருப்பனாருக்கு வேண்டிக்கொண்டேன். அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். என் பங்குக்கு ஒரு கருங்கிடாய் பிடித்து, தீவனம் போட்டு வளர்த்து, போன ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் அறுபது பேரோடு கோயிலுக்குப் போனோம். கிடாய்க்கு மாலை போட்டு, பூசாரி தீர்த்தம் தெளித்தார். அது உடம்பைச் சிலுப்பி உதறினால்தானே சாமி உத்தரவு? அது சிலுப்பவில்லை. மறுபடி தெளித்தார். சிலுப்பவில்லை. சரி, பூசாரி கை ராசி அப்படி என்று நான் குடத்தை வாங்கி, முப்பது வருஷம் போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டிய கை இது என்று சொல்லி முழுக் குடத்தையும் தலையோடு ஊற்றினேன். அது என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த மாலையைத் தின்ன ஆரம்பித்தது. சிவக்குமார் துண்டை வைத்து விசிறினான். கனிஷ்காவுக்கு ஆறு வயசு, அவள் மட்டும்தான் யோசித்துப் பேசினாள், "தாத்தா, ஐஸ் தண்ணி ஊத்துங்க, குளுந்தா நடுங்கும்" என்றாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து வாளியில் போட்டோம். வெயில் நேரம், கிடாய் வாளியில் தலையை விட்டு மொத்தத்தையும் குடித்துவிட்டது. அதற்குள் சமையல்காரர் மசாலா அரைத்து வைத்துவிட்டு மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

பூசாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, யாருகூடயாவது மனஸ்தாபம் இருக்குதுங்களா? இருந்தா சாமி முன்னால சொல்லிப் போடுங்க. அது தீராம இவன் சிலுப்ப மாட்டானுங்க."

எனக்கா மனஸ்தாபம்? இருந்தாலும் சாமி காரியம் என்று இறங்கிவந்தேன். பங்காளியிடம் வேலிக்கல்லைத் தள்ளி நட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பக்கத்துத் தோட்டக்காரனிடம் அவன் தென்னையில் காய் பறித்ததற்குக் கேட்டேன், அவனுக்கு அது அதுவரைக்கும் தெரியாது, இப்போது அவன் புதுசாக முறைத்துக்கொண்டு திரிகிறான். மருமகளிடம் அவள் குழம்பைப் பற்றிச் சம்பந்தியிடம் குறை சொன்னதற்குக் கேட்டேன், அவளுக்கும் அது தெரியாது. ஒவ்வொரு மன்னிப்புக்கும் ஒரு சொம்புத் தண்ணி. கிடாய் குளித்துக் குளித்துப் பளபளவென்று ஆனதுதான் மிச்சம். கடைசியில் அறுபது பேரும் கத்திரிக்காய்க் குழம்பும் ரசமும் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். கிடாய் வேனில் எங்களோடு திரும்பி வந்தது. வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் தங்கச்சி, "கேக்க வேண்டிய ஆளுகிட்டக் கேட்டீங்களா?" என்றாள்.

உங்களைத்தான் சொல்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் மச்சான், நீங்களே சொல்லுங்க, உங்ககிட்ட நான் எதுக்குக் கேக்கணும்? நாம ரெண்டு பேரும் இருபத்தஞ்சு வயசுல ஒரே ரிக்குல மத்தியப் பிரதேசம் போனோம். மண்ணெண்ணெய் அடுப்பில் நீங்கள் சுட்ட சப்பாத்தியைத் தின்று உயிர் பிழைத்தவன் இன்றைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் என் உடம்பின் உறுதி அப்படி. அங்கே ஒரு ஊரில் எல்லோரும் கைவிட்ட பொட்டலில், நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நான் நடந்தேனே, ஒரு இடத்தில் அது குடுமி மேலே பார்க்க எழுந்து நின்றதே, அங்கே போர் போட்டதும் தண்ணி பனைமர உசரம் பீச்சியடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? சேறோடு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எந்தங்கச்சிய உனக்குத்தான் கட்டிக் குடுப்பேன் மாப்ள" என்று சொன்னவர் நீங்கள்தான். அப்படிப்பட்ட கையை நீங்கள் சந்தேகப்படலாமா? பதினொரு வருஷத்துக்கு முன்னால் உங்கள் தோட்டத்திலும் இதே கையில்தான் தேங்காய் நின்றது, உங்கள் கண்ணால் பார்த்தீர்கள். தொள்ளாயிரம் அடி போர் போட்டும் தண்ணி வராமல் வெறும் கல்தூள் புகைதான் வந்தது என்றால் அது பூமியின் கோளாறு. அதற்காக ரிக் ஆட்கள் முன்னால், "மாப்ள, உங்க தேங்கா சட்டினிக்குத்தான் ஆகும்" என்று சொல்லலாமா? அந்த வார்த்தையைக் கேட்டபிறகு நான் சாப்பிடாமல் எழுந்து வந்தது நியாயமா இல்லையா என்று நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரும் நியாயம் என்றுதான் சொன்னார்கள். நாலு பேரும் அப்போது என் வண்டியில் வேலை பார்த்தவர்கள், இருந்தாலும் நியாயம் நியாயம்தானே.

ஆகவே தப்பு உங்கள் பக்கம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் பெரிய மனசு பண்ணி நான் மன்னிக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிடாயைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் போதும், ஒன்றும் பேசக்கூட வேண்டாம், கிடாய் சிலுப்பிவிடும். கோயில் உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். உங்களுக்கு நீண்ட ஆயுளும், தோட்டத்தில் வற்றாத தண்ணியும் கருப்பனார் அருள வேண்டும். சின்னவர்களுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
என்றும் உறுதி குறையாத,
அர்த்தநாரி

பி.கு.: கடிதத்தை மூடி ஒட்டுவதற்கு முன்னால், உங்கள் தங்கச்சிக்கு மாட்டுக்கொட்டகையில் வைத்துப் படித்துக் காட்டினேன். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். லைன் கிடைக்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அன்னிக்கு ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு, அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். பேசிட்டேன், வாரேன்னு சொன்னாருன்னு சொன்னீங்களே?" என்றாள். மச்சான், ஆளுக்கொரு பொய்யாகச் சொல்லி வைத்ததில் எனக்கே கணக்குத் தவறிவிட்டது. நான் போனே போடவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லையே என்று அவள் இந்த நாலு மாதமாக உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்திருக்கிறாள். அது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. போன் போடவில்லை என்று அவளிடம் சொன்னேன். சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோட்டத்தில் தேங்காய் நிற்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான்தான் கையைச் சாய்த்து நிமிர்த்தினேன்.

இதைச் சொல்லி வாயை மூடினேன், கட்டுத்தறியில் நின்ற கிடாய், யாரும் ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்காமலே, கொம்பிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பி உதறியது. ஆகையால் கிடாய்க்காக இனி நீங்கள் வர வேண்டிய அவசியமில்லை. ஆனால் உங்கள் தங்கச்சி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. அண்ணன் வந்தால்தான் பேசுவாளாம். கனிஷ்காவிடம் சொல்லியனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் மச்சான், கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறுங்க.